நஃப்ஸை அடக்குவது என்றால் ஆசைகளைக் கொல்வதா?

"இஸ்லாத்தில் நஃப்ஸை (ஆசையும் கோபமும் எழும் 'தான்' என்பதை) அடக்க வேண்டும் என்கிறார்கள், அப்படியென்றால் ஆசை, கோபம் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டுமா, சாதாரண மனிதரால் அது முடியுமா?" என்பது கேள்வி. நான் மௌலவி அல்லன். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்றுப் பக்கம் வயல் செய்கிறவன். சிறுவயதில் ஓதப்பள்ளியில் கற்றவையும் பின்னர் தேடிப் படித்தவையும் இந்தப் பதிலில் இருக்கின்றன. அவற்றைவிட அதிகமாக, ஒரு நோன்புக் காலத்தில் வாய்க்கால் கரையில் நான் பட்ட வெட்கம் இருக்கிறது.

கொல்ல வேண்டியதில்லை. கொல்லும்படி மார்க்கம் கேட்கவும் இல்லை. அரபியில் நஃப்ஸ் என்பது முதலில் 'தான்', 'உயிர்' என்ற பொருளையே தரும். "ஒவ்வொரு நஃப்ஸும் மரணத்தைச் சுவைக்கும்" என்று குர்ஆன் கூறும்போது அங்கே எந்த இழிவும் சுட்டப்படவில்லை. கோபத்தைப் பற்றி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள நபிமொழியைப் பாருங்கள்: மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வலிமையானவன் அல்லன், கோபத்தின்போது தன் நஃப்ஸைக் கைவசம் வைத்திருப்பவனே வலிமையானவன். அங்கே வரும் அரபு வினைச்சொல் உடைமையாக வைத்திருத்தலைக் குறிப்பது. ஒருவன் தன் உழவு மாட்டை வைத்திருப்பதைப் போன்றது அது. மாட்டைக் கொன்றுவிட்டால் உழவு நடக்காது.

அஷ்ஷம்ஸ் அத்தியாயத்தில் அல்லாஹ் சூரியன், சந்திரன், பகல், இரவு, வானம், பூமி ஆகியவற்றின்மீது வரிசையாகச் சத்தியம் செய்துகொண்டு வந்து, இறுதியில் நஃப்ஸின்மீது சத்தியம் செய்கிறான். அதற்குரிய தீமையையும் இறையச்சத்தையும் அதற்கு உணர்த்தியதாகக் கூறிவிட்டு, அதைத் தூய்மைப்படுத்தியவர் வெற்றி பெற்றார், அதைப் புதைத்தவர் தோற்றார் என்கிறான். இந்த வசனங்களின் சொற்களில் ஒரு விவசாயிக்கு மட்டும் கிடைக்கும் இன்பம் உண்டு. வெற்றி பெறுதலைச் சொல்லும் 'அஃப்லஹ' என்ற சொல்லும், நிலத்தைப் பிளந்து உழுபவனைக் குறிக்கும் 'ஃபல்லாஹ்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. தூய்மைப்படுத்துதலுக்குரிய சொல்லிலோ வளர்ச்சி என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. ஆகவே உழப்படுவதற்கும் வளர்வதற்கும் உரிய நிலம் ஒன்றைப் பற்றித்தான் அங்கே பேசப்படுகிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

நஃப்ஸின் மூன்று நிலைகளைப் பலரும் அறிவர். தீமையைத் தூண்டும் அம்மாரா யூஸுஃப் அத்தியாயத்தில் வருகிறது. அது யூஸுஃப் நபியின் கூற்றா, எகிப்தின் அதிகாரியான அஸீஸின் மனைவியின் கூற்றா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு. தன்னைத்தானே கண்டிக்கும் லவ்வாமாவின்மீது அல்லாஹ் கியாமா அத்தியாயத்தின் தொடக்கத்தில் சத்தியம் செய்கிறான். அமைதியடைந்த முத்மஇன்னா ஃபஜ்ர் அத்தியாயத்தின் இறுதியில் அழைக்கப்படுகிறது. பிற்காலச் சூஃபிகள் இவற்றை ஏழாக விரித்தார்கள். என் போன்றவனுக்கு முதல் இரண்டுமே போதிய வேலை தருகின்றன. ஒருவன் முதல் நிலையில் பிறந்து, படியேறிப்போய் மூன்றாம் நிலையில் குந்தியிருப்பான் என்று நான் நம்பவில்லை. ஒரே பிற்பகலில் முதல் இரண்டுக்கும் இடையே பலமுறை போய்வர முடியும். நான் போய்வந்திருக்கிறேன்.

2018ஆம் ஆண்டு ரமழான் சிறுபோக நெற்செய்கைக் காலத்துக்குள் வந்தது. குளத்தில் தண்ணீர் மட்டு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் விட்டார்கள். என் முறை நாளில் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வயலுக்குப் போனபோது, என் மேட்டு வயல் காய்ந்து கிடந்தது, பக்கத்து வயலில் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் என்னைவிட மூத்தவர், சைவர், அதுவரை என்னோடு ஒரு கடுஞ்சொல் பேசாதவர். வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று நானே முடிவெடுத்து, மண்வெட்டியும் கையுமாக, வாய்க்காலில் நின்ற நாலைந்து பேரின் முன்னிலையில் அவரைக் கத்தினேன். "நான் நோன்போட நிக்கிறன், இல்லாட்டி இண்டைக்கு நடக்கிறது வேற" என்றும் சொன்னேன்.

அவர் மண்வெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, சத்தம் போடாமல் இஞ்ச வந்து பாரும். நான் வெட்டேல்லை, நண்டு துளைச்சிருக்கு." வரம்பின் அடியில் ஒரு நண்டு வளை, கட்டைவிரல் புகும் அளவில் தொடங்கியது, தண்ணீர் அரித்து அரித்துக் கை நுழையும் அளவுக்குப் பெருத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் காலால் மண்ணைத் தள்ளி வளையை அடைத்துக்கொண்டே, "உமக்கு என்னோடதான் கோவமோ, வேற ஆரோடயுமோ?" என்று கேட்டார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 11 வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது, வாப்பாவின் வயல் எது, காடு எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த அநீதி உண்மையானது. அதைச் சிறிதாக்க நான் எழுதவில்லை. ஆனால் அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு மனிதரின் முன்னால், எங்கிருந்தோ பறிபோன எல்லாவற்றுக்குமான கணக்கை நான் ஒரு மடைத் தண்ணீருக்காகத் தீர்க்க முற்பட்டேன். நஃப்ஸ் ஒளிந்துகொள்வதற்கு உண்மையான காயத்தைவிட வசதியான இடம் வேறில்லை என்பது என் கருத்து. பொய்க் காரணம் என்றால் மனச்சாட்சி எப்படியாவது கண்டுபிடித்துவிடும். மெய்யான காரணத்துக்குப் பின்னால் நிற்பதைக் கேள்வி கேட்பதற்கு அதற்கும் கூச்சம் வந்துவிடுகிறது.

நோன்பைப் பற்றி நான் சொன்ன வார்த்தை இன்னும் மோசமானது. நோன்பாளியிடம் எவரேனும் சண்டைக்கு வந்தால் "நான் நோன்பாளி" என்று அவர் சொல்லட்டும் என்பது நபிமொழி. தன்னைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தரப்பட்ட அந்தக் கடிவாளத்தை நான் சாட்டையாக மாற்றிக்கொண்டேன். வயலில் நெற்சப்பி என்று ஒரு களை இருக்கிறது. இளம் பயிராக இருக்கும்போது நெல்லோடு நெல்லாகவே நிற்கும்; இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்த்தால், நெல்லில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும், சப்பியில் அது இராது. குனிந்து பார்க்காதவனுக்கு இரண்டும் ஒரே பச்சை. வெளிப்படையான பாவங்களைவிட, வணக்கத்தின் உருவத்தில் நிற்கும் கர்வத்தைப் பிடுங்குவது கடினம் என்று அறிஞர்கள் ஏன் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 40 நூல்களாக அமைந்த தம் இஹ்யா உலூமித்தீனில் ஒரு நூலை நஃப்ஸைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் உண்டு: உணவின் மீதான ஆசை அறவே அற்றுப்போனால் மனிதன் அழிந்துவிடுவான், கோபம் அற்றுப்போனால் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டான், எனவே வேண்டுவது வேரறுத்தல் அன்று, அவற்றை அறிவுக்குக் கட்டுப்பட்ட நடுநிலைக்குக் கொண்டுவருதல். தன் குறைகளை அறிய அவர் நான்கு வழிகளையும் தருகிறார். விவரமறிந்த ஆசான், உண்மையான நண்பன், எதிரியின் நாக்கு, மக்களோடு கலந்து பழகி அவர்களிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா என்று பார்த்தல். ஆசானும் அப்படிப்பட்ட நண்பனும் கிடைப்பது அரிது என்று அவரே வருந்துகிறார். என்னுடைய குறையை எனக்குக் காட்டியவர் இந்த நான்கில் எவருமல்லர், பக்கத்து வயல்காரர்.

இனி நடைமுறை. நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்காருமாறும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுமாறும் நபிமொழி உண்டு (சேற்று வரம்பில் படுக்க முடியாதுதான், ஆனால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தலாம்). அடுத்தது, கணக்குப் பார்த்தல். "நீங்கள் கணக்குக் கேட்கப்படுமுன் உங்களை நீங்களே கணக்குப் பாருங்கள்" என்று இரண்டாம் கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. கஸ்ஸாலி இதை வியாபாரக் கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, மாலையில் கணக்கு முடிப்பதற்கு ஒப்பிடுகிறார். நான் ஒரு கொப்பி வைத்து, இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு எழுதத் தொடங்கினேன். முதல் மாதம் நல்லவற்றையும் எழுதினேன். யாரோ வாசிக்கப்போவதுபோல் கையெழுத்து அழகாகிக்கொண்டே போனதைக் கண்டு அதை நிறுத்திவிட்டேன். இப்போது இரண்டு வரிதான்: இன்று யாரைக் காயப்படுத்தினேன், அதற்கு எனக்கு நானே சொன்ன நியாயம் என்ன. இரண்டாவது வரியில்தான் பெரும்பாலும் ஆள் பிடிபடுகிறான்.

உடலை வதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு முழுதும் தொழுவேன், விடாமல் நோன்பிருப்பேன், மணமுடிக்க மாட்டேன் என்று உறுதிபூண்ட மூவரை நபியவர்கள் திருத்தினார்கள். உன் நஃப்ஸுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நபித்தோழர் ஸல்மான் இன்னொரு தோழரான அபூதர்தாவிடம் சொன்னதை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பாவத்திலிருந்து மீளுதலான தௌபாவைப் பற்றியும் ஒரு சொல். பாவத்தை விடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகியவை அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையிலானவை. ஆனால் ஒரு மனிதனின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அவனிடம் போய்த் தீர்க்காமல் அது முழுமையாகாது. அந்த நோன்பில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது பசியோ தாகமோ அல்ல, பத்தடி தூரத்தில் இருந்த அந்த வயலுக்குப் போவதுதான். பெருநாள் கழியட்டும் என்றது நஃப்ஸ். பிறகு, அவர் தனியாக இருக்கும்போது போ என்றது. நான் கத்தியதோ நாலு பேர் முன்னிலையில். மூன்றாம் நாள், அதே வாய்க்காலில் ஆட்கள் நிற்கும்போது போய், "அண்ணை, அண்டைக்கு நான் கதைச்சது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"அதை விடும் தம்பி. வளையை அடைச்சனீரோ? மேலால மண்ணைப் போட்டால் திரும்பத் துளைக்கும். அடிமட்டும் கிண்டி, களிமண் வைச்சு நல்லா மிதியும்" என்றார் அவர்.