இரண்டு முறை தோற்ற அணி எப்படிச் சாம்பியன் ஆனது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஆடி முடித்த 2024ஆம் ஆண்டு சீசனைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் அவனைத் தொலைபேசியில் பிடிக்கவே முடிவதில்லை. பிறகு கூப்பிட்டு ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறான். அவன் சொல்வது விளங்க எனக்கு எந்த அளவு தெரிந்தால் போதும்?

பதில்: அதிகம் தேவையில்லை, சகோதரி. மைதானத்தின் நீளம் 100 கெஜம். பக்கத்துக்கு 11 பேர். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு, ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். அந்த நான்குக்குள் 10 கெஜத்தைக் கடந்தால் மறுபடியும் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். கடக்காவிட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளி. அதையடுத்துக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. டச்டவுனுக்கு வழியில்லாதபோது தூரத்திலிருந்தே உதைத்துச் சேர்ப்பது ஃபீல்டு கோல், 3 புள்ளி. உங்கள் மகன் “தேர்ட் அண்ட் லெவன்” என்று சொன்னால், மூன்றாவது வாய்ப்பு நடக்கிறது, இன்னும் 11 கெஜம் போயாக வேண்டும் என்று பொருள். ஆட்டத்தின் பதற்றமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

அவன் போய் உட்காரும் ஒஹாயோ ஸ்டேடியம் 1922இல் திறக்கப்பட்டது. குதிரை லாட வடிவத்தில் இருக்கும் அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமர முடியும். பல்கலைக்கழக வாத்தியக் குழு மைதானத்தில் நடந்தபடியே மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதிக் காட்டும் வழக்கம் 1936 முதல் இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் ‘ஐ’ எழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியாகப் பெரிய குழல் வாத்தியம் வாசிக்கும் ஒருவர் தனியே நடந்துபோய் நிற்பார். அந்த இடம் யாருக்குக் கிடைத்தாலும் வாழ்நாளுக்கும் சொல்லிக்கொள்ளும் பெருமை. மகன் அடுத்த முறை பேசும்போது அதைப் பார்த்தானா என்று கேளுங்கள்.

கேள்வி: நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஆடுவதோ 12 ஆட்டங்கள்தான். எல்லோரும் எல்லோருடனும் மோதாமல் சாம்பியனை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: கல்லூரிக் கால்பந்து தோன்றிய நாளிலிருந்தே இந்தக் கேள்வியும் அதோடு கூடவே வருகிறது. உயர்நிலைப் பிரிவில் 2024இல் 134 அணிகள் இருந்தன. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நவம்பர் இறுதிவரை வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று 12 ஆட்டங்கள் ஆடுவார்கள். பெரும்பாலானவை தங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகளுடன். ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பில், பெயரில் பத்து இருந்தாலும், அந்த ஆண்டு 18 அணிகள் இருந்தன. சீசனின் பிற்பகுதியில் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வாரந்தோறும் தரவரிசை வெளியிடும். 2014 சீசன் முதல் 2023 சீசன் வரை அந்த வரிசையில் முதல் நான்கு அணிகள் மட்டுமே சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப் ஆடின. 2024இல் முதல் முறையாக அது 12 அணிகளாக விரிந்தது: தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்கள், மீதி ஏழு இடங்களுக்குக் குழு தேர்ந்தெடுக்கும் அணிகள். இந்த ஒரு மாற்றம் இல்லாமல் ஒஹாயோ ஸ்டேட்டின் கதை நவம்பர் 30ஆம் தேதியே முடிந்துபோயிருக்கும்.

கேள்வி: பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் தோற்றுவிட்டு, தன் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குக்கூடத் தகுதி பெறாத அணியைத் தேசியச் சாம்பியன் என்று அழைப்பது நியாயமா?

பதில்: இந்தக் கேள்வியை வெவ்வேறு சொற்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில், நியாயம்தான் என்பது. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் தோல்விகளைப் பார்ப்போம். அக்டோபர் 12 அன்று யூஜீன் நகரில் ஓரிகன் அணியிடம் 32–31 என்ற கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி 6 நொடிகளில், பந்தை வீசி அணியை நடத்தும் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் பந்தோடு ஓடி, ஃபீல்டு கோல் உதைக்கும் தூரத்துக்கு வந்து தரையில் சறுக்கினார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது கடிகாரம் சுழியத்தில் நின்றது. அதற்கு முந்தைய டவுனில் ஓரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைக் களத்தில் நிறுத்தியிருந்தது. தண்டனை 5 கெஜம்தான், ஆனால் கடந்துபோன நொடிகள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க அடுத்த சில நாட்களிலேயே விதிக்குப் புது விளக்கம் வந்தது. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அதனால் பயனேதும் இல்லை.

இரண்டாவது தோல்விதான் உண்மையில் வலித்தது. மிச்சிகன் அந்த ஆண்டு சோர்ந்துபோன அணி. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்பதுதான் பொதுவான கணிப்பு. வீசும் பந்தைப் பிடிக்கும் வேகமான ரிசீவர்கள் ஓரங்களில் காத்திருக்க, அணி திரும்பத் திரும்ப நடுவழியாகவே ஓடி, மிச்சிகனின் பலமே அங்குதான் என்று தெரிந்திருந்தும் அதே சுவரில் முட்டியது. ஹவர்டின் வீச்சுகளில் இரண்டு எதிரணியின் கைக்குப் போயின. இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. 45 நொடிகள் மீதமிருக்கையில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலில் ஆட்டம் 13–10 என்று முடிந்தது. அது அவர்களிடம் தொடர்ச்சியாக நான்காவது தோல்வி. பயிற்சியாளர் ரயன் டேயைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்ற குரல் ஊர் முழுக்க ஒலித்தது.

அதற்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே மூன்று வாரங்கள் இருந்தன. இந்தச் சீசனின் மையம் என்று நான் கருதுவது களத்தில் எதுவுமே நடக்காத அந்த மூன்று வாரங்களைத்தான். வீரர்களும் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து ஒருவரிடம் ஒருவர் மனத்தாங்கலை வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள். டிசம்பர் 21 அன்று கொலம்பஸின் கடுங்குளிரில் பிளே-ஆஃப் முதல் சுற்றில் டென்னசி அணியை எதிர்கொண்டபோது, முதல் கால்பகுதி முடிவதற்குள் 21–0. மிச்சிகன் ஆட்டத்தில் அடங்கிக் கிடந்த வீச்சு இப்போது முதல் தொடரிலிருந்தே பாய்ந்தது. 42–17 என்று ஜெயித்தார்கள். ஜனவரி 1 அன்று பாசடினாவில் நடந்த ரோஸ் பவுல் என்ற காலிறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே ஓரிகன், அதுவரை தோல்வியே காணாத முதலிட அணி. இரண்டாம் கால்பகுதியிலேயே 34–0 என்று முன்னிலை பெற்று 41–21 என்று முடித்தார்கள். முதலாண்டு மாணவரான ரிசீவர் ஜெரமையா ஸ்மித் ஒருவரே அன்று 187 கெஜம் சேர்த்தார். பிறகு காட்டன் பவுல் என்ற அரையிறுதியில் டெக்சஸ் மீது 28–14; ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நாட்டர் டேம் மீது 34–23. 16 ஆட்டங்கள், 14 வெற்றிகள். இரண்டு தோல்விகளிலும் சேர்த்து வித்தியாசம் நான்கே புள்ளிகள். தரவரிசையில் முன்னணியில் இருந்த அணிகளை அடுத்தடுத்து நான்கு முறை வென்ற ஓர் அணியிடம் வேறென்ன சான்று கேட்பது?

முதல் சுற்று ஆடத் தேவையின்றி நேராகக் காலிறுதியில் நுழைந்த நான்கு கூட்டமைப்புச் சாம்பியன்களும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள் என்பதையும் கவனியுங்கள். வரிசையை அமைத்த முறையில் குறை இருந்தது. அடுத்த ஆண்டே அதை மாற்றினார்கள்.

இனி அந்த விலை. மிச்சிகனை வெல்லும் ஒவ்வோர் ஆண்டும் ஒஹாயோ ஸ்டேட் வீரர்களுக்குச் சிறிய தங்கக் காற்சட்டை வடிவப் பதக்கம் ஒன்று தருவது 1934 முதல் இருந்துவரும் வழக்கம். 2021இல் சேர்ந்து நான்கு ஆண்டுகளும் ஆடிய வீரர்கள் தேசியக் கோப்பையோடு வெளியேறினார்கள், அந்தப் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல். பழைய முறையில் அந்த ஒரு சனிக்கிழமை பெரும்பாலும் சீசனையே முடித்துவைக்கும். புதிய முறையில் அது முடித்துவைக்கவில்லை; அந்த அளவுக்கு அதன் கனமும் குறைந்திருக்கிறது. அந்த நாளுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருக்கும் ரசிகர்களின் வருத்தத்தை நான் முழுமையாக மதிக்கிறேன்.

கேள்வி: எல்லோரும் குவாட்டர்பேக்கையும் ரிசீவரையும் மட்டுமே பேசுகிறார்கள். முன்வரிசையில் முட்டி மோதும் பெரிய உடம்புக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே?

பதில்: எழுத வேண்டும், குறிப்பாக இந்த அணியைப் பற்றிப் பேசும்போது. குவாட்டர்பேக் வலக்கையால் வீசுபவர் என்றால் அவருடைய இடது பக்கம் அவருக்குத் தெரியாது. அங்கிருந்து பாய்ந்து வருபவரைத் தடுப்பதுதான் லெஃப்ட் டாக்கிளின் வேலை. அந்த இடத்தில் ஆடிய ஜாஷ் சிம்மன்ஸ் ஓரிகன் ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் சீசனையே இழந்தார். அவருக்குப் பதிலாக வந்தவரும் காயமடைந்தார். அப்போது அவருக்குப் பக்கத்து இடமான லெஃப்ட் கார்டில் ஆடிவந்த டானவன் ஜாக்சனை வெளியே நகர்த்தி டாக்கிளாக நிறுத்தினார்கள். ஒரே ஓர் இடம்தானே தள்ளி நிற்கிறார் என்று தோன்றும். ஆனால் உள்ளே நிற்கும் கார்டுக்கு இருபுறமும் துணை உண்டு, எதிரி மார்புக்கு நேரே வருவார். ஓரத்தில் நிற்கும் டாக்கிளுக்கோ திறந்த வெளியில் பின்னோக்கிக் காலடி வைத்தபடியே, தன்னைச் சுற்றி ஓடப்பார்க்கும் வேகமான ஆளை ஒற்றையாகத் தடுக்க வேண்டும். பழகிய கால்களைப் புதிதாகப் பழக்க வேண்டிய வேலை அது.

நவம்பர் 2 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில் அவர் அந்த இடத்தில் நின்ற ஆட்டத்தின் முடிவைத் தேடிப் பாருங்கள். 20–13 என்று முன்னிலை. ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் மீதி. ஒருமுறைகூட வீசாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டங்களையே ஆடி, பந்தை எதிரணியிடம் திரும்பத் தராமலே கடிகாரத்தைத் தீர்த்தார்கள். அந்தக் கடைசித் தொடரில் புள்ளி ஏதும் சேரவில்லை. ஆனாலும் ஒட்டுப்போட்ட அந்த முன்வரிசைக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று கிடையாது. அதே மாதத்தில் நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டர் செத் மெக்லாக்லின் பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்து விலக நேர்ந்தது. கார்சன் ஹின்ஸ்மன் அந்த இடத்துக்கு வந்தார். இறுதி ஆட்டத்தில் ஹவர்டின் முதல் 13 வீச்சுகளும் ஒன்றுவிடாமல் இலக்கை அடைந்தன என்றால், நின்று நிதானித்து வீச அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

கேள்வி: ஹவர்ட் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் என்கிறார்கள். இவர்கள் மாணவர்களா, சம்பளத்துக்கு ஆடுபவர்களா?

பதில்: இப்போது இரண்டும்தான். ஹவர்ட் கான்சஸ் ஸ்டேட்டில் நான்கு சீசன்கள் ஆடிவிட்டு வந்தார். 2020ஆம் ஆண்டைப் பெருந்தொற்றின் காரணமாகக் கணக்கில் சேர்க்காததால் ஐந்தாவது சீசன் கிடைத்தது. அணியின் மற்ற வீரர்களில் காலெப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து, க்வின்ஷான் ஜட்கின்ஸ் மிசிசிப்பியிலிருந்து வந்தார்கள். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகமே நேரடியாகத் தரலாம். ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் உழைப்புக்கு உழைப்பவருக்கும் பங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: இந்தச் சீசனில் ஒரே ஒரு காட்சியைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

பதில்: இறுதி ஆட்டத்தில் நாட்டர் டேம் 31–7 என்ற பள்ளத்திலிருந்து 31–23 வரை ஏறி வந்த பிறகு, தேர்ட் அண்ட் லெவனில் ஹவர்ட் வீசி ஸ்மித் பிடித்த 56 கெஜப் பந்தைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் அதற்குப் பத்து நாட்கள் முந்தைய காட்டன் பவுலைச் சொல்வேன்.

கணக்கு 21–14. சமன் செய்ய டெக்சஸுக்கு ஒரே ஒரு கெஜம் போக வேண்டும். கையில் நான்கு வாய்ப்புகள். முதல் ஓட்டம் அசையவில்லை. இரண்டாவதில் பக்கவாட்டில் ஓடப்போய் 7 கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். மூன்றாவது வீச்சு வீணானது. நான்காவதில் குவாட்டர்பேக் க்வின் எவர்ஸ் வீசக் கையை ஓங்கும்போது 33ஆம் எண் ஜாக் சாயர் உள்ளே புகுந்து பந்தைத் தட்டிவிட்டு, அதைத் தானே எடுத்துக்கொண்டு 83 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். சாயர் கொலம்பஸுக்குப் பக்கத்து ஊர்க்காரர். தங்கப் பதக்கம் ஒன்றுகூடப் பெறாத அந்த 2021 கூட்டத்தைச் சேர்ந்தவர். எவர்ஸ் டெக்சஸுக்குப் போவதற்கு முன் 2021இல் சில மாதங்கள் ஒஹாயோ ஸ்டேட்டில்தான் இருந்தார். அந்த மாதங்களில் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்.