பாண் வாங்கவும் மட்டக்களப்புக்கும் ஒரே வண்டி

அன்புள்ள அண்ணா,

வண்டிகளைப் பற்றியும் நீங்கள் எழுதுவதால் இதைக் கேட்கிறேன். எனக்கு 56 வயது, வீடு திருகோணமலை உப்புவெளியில். ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 ஒன்றும் கடைத்தெருவுக்குப் போக ஒரு பழைய ஸ்கூட்டரும் இருக்கின்றன. இரண்டையும் கொடுத்துவிட்டு, பாரம் குறைந்த, இருந்து ஓட வசதியான ஒரே வண்டி வாங்க யோசிக்கிறேன். மாதம் ஒருமுறை மனைவியோடு மட்டக்களப்பில் மகள் வீட்டுக்குப் போவேன். மற்ற நாள்களில் ரவுணுக்கு மட்டும்தான். தூர ஓட்டத்துக்கு 350க்குக் கீழே சரிவராது என்கிறார்கள் கூட்டாளிகள். மைலேஜ், ஏபிஎஸ், விற்கும்போது கிடைக்கும் விலை எல்லாம் பார்த்தால் எதை எடுக்கலாம்? (போன மாதம் படலைக்கு முன்னால் மணலில் என்ஃபீல்ட் சரிந்து முழங்காலில் கொஞ்சம் அடி. பெரிதாக ஒன்றுமில்லை.)

— உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த இரண்டு வரிதான். 195 கிலோ வண்டி காலில் சாய்ந்திருக்கிறது, நீங்கள் ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள். டொக்டரிடம் காட்டினீர்களா? வீட்டில் சொன்னீர்களா? விற்கும் விலைக்கும் மைலேஜுக்கும் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட உங்கள் முழங்காலுக்குக் கொடுக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே வந்தது.

என் நண்பர் ஒருவருக்கும் இதே மாதிரித்தான் தொடங்கியது. பெரிய வண்டி, ஆசைப்பட்டு வாங்கியது. ஒருநாள் ஒழுங்கையில் திருப்பும்போது சரிந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பாண் வாங்க அதை வெளியே எடுப்பதை விட்டார். அப்புறம் நிலாவெளிக்குப் போவதை விட்டார். கடைசியில் கண்டிக்குப் போகிறோம் என்று நாங்கள் கூப்பிட்டபோது இடுப்புவலி என்றார். இரண்டு வாரத்துக்கு முன் போய்ப் பார்த்தேன், வண்டி படங்கு மூடிக் கிடக்கிறது, ரயர் இரண்டிலும் காற்றில்லை, கடற்காற்றில் செயின் சிவந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதமும் வந்தது. கிட்டத்து ஓட்டம், தூர ஓட்டம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பாண் வாங்கப் படலைக்கு வெளியே எடுக்கத் தயங்கும் வண்டியை ஒருவரும் மட்டக்களப்புக்கு எடுப்பதில்லை.

கூட்டாளிகள் பேச்சை விடுங்கள். நம் நாட்டில் ஊர்மனைக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் தரும் வேகம் மணிக்கு 70. நல்ல 150 சிசி வண்டி இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் போகும். வெருகலுக்கும் வாகரைக்கும் இடையில் மாடு குறுக்கே வரும் தெருவில் அதற்கு மேல் என்ன அவசரம்? விற்கும் விலையை இந்த வயதில் ஏன் பார்க்கிறீர்கள், ஓட வாங்குங்கள். ஏபிஎஸ் உள்ளதை எடுங்கள், பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும், மாரியில் உதவும். மைலேஜ், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆரைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கி ஓடியவர்கள் நாம், 150 சிசிக்குள் எதுவானாலும் போதும்.

பாரத்துக்கு வருகிறேன். ஓடும்போது எந்த வண்டியின் பாரமும் கைக்குத் தெரியாது, சக்கரம் தாங்கிக்கொள்ளும். நேராக நிறுத்திப் பிடித்தாலும் பெரிதாகத் தெரியாது. ஒரு சாண் சரியட்டும், அந்தப் பாரம் முழுக்க உங்கள் ஒரு காலைத் தேடி வரும். மணலில் அந்தக் கால் புதையும். யமஹா எஃப்சட்-எஸ் மூன்றாம் பதிப்பு 137 கிலோ, சுசுகி ஜிக்சர் 155 ஏறக்குறைய 141. உங்கள் வண்டியோடு பார்த்தால் 50 கிலோவுக்கு மேல் குறைவு. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. என்ஃபீல்டைப் படலைக்கு வெளியே எடுக்கும்போதும் உள்ளே கொண்டுவரும்போதும் அந்தப் பையைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறீர்கள் தம்பி, முழங்கால் அடிபட்ட பிறகும்.

அப்பாவிடம் ஒரு ஹொண்டா 90 இருந்தது. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் நாலு பேரும் அதில்தான் போவோம், நான் டாங்கியின் மேல், அம்மா பின்னால், அவர் மடியில் தம்பி. அப்போது அந்தத் தெருவில் பாலங்கள் இல்லை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைக்குக் காத்திருக்க வேண்டும். (இளையவர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. கிண்ணியாப் பாலத்தை 2009 இல்தான் திறந்தார்கள்.) ஒருமுறை திரும்பி வரும்போது கங்கைத் துறையில் இருட்டிவிட்டது, பாதை அக்கரையில் நின்றுவிட்டது. மீன்பிடிக்கப் புறப்பட்ட ஒருவர் தோணியை ஒதுக்கினார். அப்பா பெற்றோலைப் பூட்டிவிட்டு முன்சக்கரத்தைப் பிடித்தார், தோணிக்காரர் பின்சக்கரத்தை. "கன்றுக்குட்டிதான், தூக்குங்க" என்றார் அப்பா. ஹாண்டில் பட்டுத் தோணியின் பலகை கீறிவிடக்கூடாது என்று தன் சால்வையை மடித்து அடியில் வைத்தார். நடு ஆற்றில் பெற்றோல் மணமும் சேற்று மணமும் சேர்ந்து வந்தது இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது. வீடு வந்து சேர்ந்தபோது நடுச்சாமம். மறுநாள் காலை அதே வண்டியில் அப்பா சந்தைக்குப் போனார்.

இன்றைக்குத் தோணியில் வண்டி ஏற்றும் தேவை இல்லை, தெரியும். ஆனால் வாகரைக்கு அப்பால் ரயர் காற்றுப் போனால் கராஜ் வரைக்கும் தள்ளப்போவது நீங்கள்தானே? மனைவி கூட நடந்து வருவார்.

பாரம் குறைந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கிண்ணியாப் பாலத்தில் வண்டி ஒரு பக்கம் தள்ளுண்டு போகும். கையை இறுக்காமல் வேகத்தைக் குறைத்தால் சரி.

கடைக்குப் போனால் முதலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பத்தடி பின்னுக்கு இழுத்து, வளைத்துத் திருப்பி, மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுங்கள், ஒருவரையும் கை வைக்க விடாமல். மூச்சு வாங்கினால் அது வேண்டாம், என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். பிறகு ஏறி இருந்து பாருங்கள், இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட வேண்டும், கை நீட்டிக் குனியாமல் ஹாண்டில் எட்ட வேண்டும். விரலால் அமுக்கினால் புதைந்து போகும் சீற்றுக்கு மயங்காதீர்கள், மூதூர் தாண்டுவதற்குள் அடித்தகடு எலும்பில் தட்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், மாதாமாதம் ஒரு வழிக்கே 130 கிலோமீட்டர் வரையில் பின்சீற்றில் இருக்கப்போகிறவர் அவர். அவருடைய இடுப்புக்குச் சரியா, கால் வைக்க வசதியா என்று அவர் சொல்லட்டும்.

படலையில் விழுந்ததையும் அதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.