சுறாப்புட்டும் வடதுருவப் பாதரசமும்

கேள்வி: மருமகளுக்கு இது அஞ்சாம் மாசம். வடதுருவத்தில் பனிப்பாறை உருகி மீனில் பாதரசம் ஏறுதுன்னு கேள்விப்பட்டு, நார்வே மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்திட்டா. உவரி மீனையும் தொடமாட்டேங்கா. பிள்ளை பிறந்ததும் பால் சுரக்க அவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா? (வாசகி, திசையன்விளை)

பதில்: மாத்திரைக்குப் பயம் வேண்டாம். மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் சதையிலுள்ள புரதத்தில்தான் ஒட்டும். சுத்திகரித்த எண்ணெயில் அநேகமாக இருக்காது. ஆனால் புட்டியில் ‘காட் லிவர் ஆயில்’ என்றிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கு ஆகாது.

நிலக்கரிப் புகையோடு போய்ப் படிந்த பாதரசம் வடதுருவப் பனியிலும் உறைமண்ணிலும் இருப்பது உண்மை. உருகிய நீர் அதைக் கடலுக்குக் கொண்டுவருகிறது. தென்மேற்கு கிரீன்லாந்தின் உருகுநீரில் அது மிக அதிகம் என்று 2021-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் எடுத்த மாதிரிகளில் அளவு மிகக் குறைவு. பிராணவாயு குறைந்த இடங்களில் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்க, பாசி, சிற்றுயிர், துருவக் காட் மீன், சீல் எனப் படிக்குப் படி கூடும். பாதிப்பு சீலும் பல் திமிங்கலமும் தின்னும் வடதுருவத்து இனுவிட் மக்களுக்கே. நம் கடலிலும் ஏறும் வழி இதுதான். அதற்குப் பனிப்பாறை உருக வேண்டியதில்லை. எந்த மீன், எவ்வளவு பெரிது என்பதே கணக்கு.

மெத்தில் பாதரசத்துக்கு உலக அளவில் நிபுணர்கள் வைத்த வார வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). 55 கிலோ பெண்ணுக்கு 88 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ள பெரிய சுறாவில் 88 கிராம், அதாவது ஒரே துண்டு, அதைத் தீர்த்துவிடும். 0.05 மில்லிகிராம் உள்ள சாளை என்றால் 1,760 கிராம் வரை தாங்கும்.

ஆகவே சாளை, நெத்திலி, அயிலை, காரல் வாரம் இரண்டு மூன்று முறை, வேளைக்கு 100 கிராம் தாராளமாகக் கொடுங்கள். பெரிய சீலா, சூரை வேண்டாம். மாசியும் சூரைதான், காயும்போது தண்ணீர்தான் போகும், பாதரசம் போகாது. மஞ்சள் போட்டு அலசினாலும் புளியில் கொதித்தாலும் அதே கதை. கணவாய் மட்டும் விதிவிலக்கு: அதிலுள்ள காட்மியம் என்ற வேறொரு நச்சு உலோகம் பெரும்பாலும் ஈரல் போன்ற உள்ளுறுப்பில் இருப்பதால், உள்ளுறுப்பைக் கிழியாமல் எடுத்தெறிந்தால் பலன் உண்டு.

தாய்ப்பாலில் இறங்கும் பாதரசம் நஞ்சுக்கொடி வழி போவதைவிடக் குறைவு, ஆனாலும் இல்லாமலில்லை. உடம்பிலிருப்பதில் பாதி கழியச் சுமார் 50 நாள் ஆகும். அதனால் பெரிய மீனை இப்போதே நிறுத்துவது நல்லது. புட்டுக்குச் சுறாவுக்குப் பதில் அயிலையை ஆவியில் வேகவைத்து, தோலுரித்து, முள் பார்த்து உதிர்த்து, அதே பூண்டு, மிளகு, சின்ன வெங்காயத்தோடு கிளறுங்கள். சுறாவில் முள் இல்லாத வசதி இதில் கிடையாது; விரலால் இரண்டு முறை தடவிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் சுறாதான் கொடுக்க வேண்டுமென்றால் முழங்கை நீளத்துக்குள் உள்ள குட்டியாக, ஒரே ஒரு வேளை, ஒரு கைப்பிடி போதும்.