புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்களில் இலங்கைக்கு எது நல்லது? கொழும்பில் வீட்டுக்கு சோலார் போடலாமா?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. சூரிய ஒளி, காற்று, நீர், உயிர்த்திணிவு ஆகியவற்றின் நன்மை தீமை என்ன என்பது ஒன்று. கொழும்பில் வீடு உள்ள ஒருவர் எதற்குக் காசு போடலாம் என்பது மற்றது. நான் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீடுகளுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் வயரிங் வேலை செய்பவன். சோலாரும் பூட்டுகிறோம். அதனால் சோலார் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பாடப்புத்தகத்தில் 'சூழல் மாசு குறைவு, ஆரம்பச் செலவு அதிகம்' என்று இரண்டு நிரலாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் தெரிவு செய்ய முடியாது. நான் முதலில் கேட்பது, அந்த மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பதைத்தான். நம் நாட்டில் மின்சாரத்துக்கு இழுபறி மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை. எல்லா வீட்டிலும் லைட் எரியும், மின்விசிறி சுழலும், ரைஸ் குக்கர் கொதிக்கும். நேரத்துக்கு ஒரு கட்டணம் வாங்கும் முறையிலும் அந்த நாலு மணித்தியாலத்துக்குத்தான் விலை அதிகம். ஒரு மூலம் நல்லதா கெட்டதா என்பதை அந்த நேரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவான நன்மையை 2022இல் நாமே பட்டு அறிந்தோம். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தை மாடி வீடுகளில் லிஃப்ட் நின்றது பரவாயில்லை. தண்ணீர்ப் பம்ப் ஓடாததால் மேல் தாங்கி வற்றி, வயதானவர்கள் வாளியோடு படியேறினார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த கட்டடத்துக்கும் டீசல் கிடைக்கவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் நாம் டொலரில் பில் கட்டுவதில்லை. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சரி, நீரிலிருந்து வருகிறேன். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். லக்சபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதன் பிறகு விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று வந்தன. விக்டோரியா மட்டும் 210 மெகாவொட், நாட்டின் நீர்மின் நிலையங்களில் அதுதான் பெரியது. நீர்மின்சாரத்தின் அருமை என்னவென்றால், தண்ணீரைத் தேக்கி வைத்து வேண்டிய நேரத்தில் திறந்துவிடலாம். மாலை ஆறரைக்குத் தேவை என்றால் ஆறரைக்கு வரும். மற்ற மூலங்கள் எதுவும் இவ்வளவு சொன்னபடி கேட்காது.

குறை, மழை பொய்த்தால் எல்லாம் பொய்த்துவிடும். 1996இல் வறட்சியால் வந்த நீண்ட மின்வெட்டை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது நாடு பெரும்பாலும் நீரை நம்பித்தான் இருந்தது. இன்னொன்று, அந்தத் தண்ணீருக்கு உரிமை கேட்பவர்கள் பலர். மகாவலித் தண்ணீரை வயலும் கேட்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் திறந்த தண்ணீர் களனி வழியாக வந்து அம்பத்தளையில் கொழும்பின் குழாய்த் தண்ணீராகிறது. வறண்ட காலத்தில் ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு உள்ளே ஏறிவிடும். இருட்டுக்குப் பயந்து தண்ணீரைத் தீர்த்துவிட்டால் குடிப்பதற்கு என்ன செய்வது?

அணையின் விலையைக் கொடுத்தவர்கள் கொழும்பில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012இல் முடிந்த 150 மெகாவொட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கம் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின, பலர் தோட்டத் தொழிலாளர்கள். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியில் முன்பு விழுந்த அளவுக்குத் தண்ணீர் இப்போது விழுவதில்லை. உமா ஓயாவில் சுரங்கம் தோண்டியபோது தண்ணீர் உள்ளே பீறிட, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்த 120 மெகாவொட் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பெரிய அணை கட்ட இனி மிஞ்சியிருக்கும் இடங்களும் மிகக் குறைவு.

காற்றுக்கு வருவோம். மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவொட். காற்று இரவிலும் வீசும் என்பது சோலாருக்கு இல்லாத பலம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை மன்னாரில் நின்று பேசுவதே கஷ்டம், அந்த அளவுக்குக் காற்று. ஆனால் காற்றின் வேகம் பாதியானால் அதில் உள்ள சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். மார்ச், ஏப்ரலில் காற்று ஓய்ந்தால் காற்றாலை சும்மா நிற்கும். கொழும்புக் கூரையில் சின்னக் காற்றாடி பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடற்கரை ஓரம்தானே என்பார்கள். வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று சுழன்று வரும், வேகமும் போதாது, சத்தமும் அதிர்வும்தான் மிஞ்சும்.

மன்னார்க்காரரிடம் பேசினால் வேறு கணக்கு வரும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியில் அந்தத் தீவு இருக்கிறது. பூநாரைகள் இறங்கும் வங்காலைச் சரணாலயம் பக்கத்தில்தான். பறவை மோதாமல் பார்க்க ராடார் வைத்திருக்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் காற்றாலைக்குப் போட்ட பாதைகளால் மழைநீர் வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்றும், கரையில் மீன்பாடு குறைந்துவிட்டது என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவொட் காற்றாலை போட வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே வருஷம் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் நாள்கணக்கில் தெருவில் நின்றார்கள். எனக்குக் காற்றாலை வேண்டும். ஆனால் ஊர்க்காரரைக் கேட்காமல், வடிகால் பார்க்காமல், கொழும்பில் இருந்து வரைபடத்தில் புள்ளி வைத்துப் போடும் காற்றாலை வேண்டாம்.

உயிர்த்திணிவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளிரிசிடியா தடியை வெட்டி எரித்து மின்சாரம் எடுக்கலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், இரவு பகல் பார்க்காமல் ஓடும். விறகைச் சேர்த்து, உலர்த்தி, லொறியில் கொண்டுவரும் செலவுதான் உதைக்கிறது. கொழும்புக்கு நெருக்கமானது குப்பை. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் புதைந்து இறந்தார்கள். 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து 10 மெகாவொட் எடுக்கும் நிலையம் வந்தது. நம் குப்பையில் மரக்கறிக் கழிவும் சோறும்தான் அதிகம். அந்த ஈரத்தை உலர்த்தவே நிறையச் சூடு போய்விடும். மின்சாரத்துக்காக என்று பார்த்தால் அது பெரிய விஷயமில்லை. இன்னொரு மீதொட்டமுல்ல வராமல் இருக்க என்று பார்த்தால் அவசியம். (புவிவெப்பம் பற்றியும் சிலர் கேட்பார்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கலாம். மின்சாரம் எடுக்க அந்தச் சூடு காணாது.)

இனி சோலார். கொழும்பில் ஒரு கிலோவொட்டுக்கு மாதம் 100 முதல் 120 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் நிறைய வரும், மே கடைசியில் மழை மூட்டத்தில் குறையும். இதில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. நீர்த்தேக்கங்கள் வற்றும் மாதங்களில்தான் வெயில் அள்ளிக் கொடுக்கிறது, வெயில் மங்கும் பருவமழை மாதங்களில் மன்னாரில் காற்று எழும்புகிறது, களனி மேற்பக்கத் தேக்கங்களும் நிரம்புகின்றன. மூன்றையும் சேர்த்து வைத்தால் மாதக் கணக்குச் சரிவரும். மணிக் கணக்குத்தான் இடிக்கிறது. மாலை ஆறரைக்குச் சோலாரில் ஒன்றும் வராது.

பகலில் எதிர்ப்பக்கப் பிரச்சினை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி கடந்த நேரம். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனது. எல்லாரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். கவனிக்க வேண்டியது வேறு. அன்று விடுமுறை, தேவை குறைவு, ஓடியதில் பெரும் பங்கு சோலார். பெரிய நீர்மின், நிலக்கரி நிலையங்களில் பல தொன் எடையுள்ள சுழலி ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது கோளாறு வந்தால் அந்தச் சுழற்சி சில விநாடி தாங்கிப்பிடிக்கும். சாதாரண சோலார் இன்வெர்ட்டரில், அதாவது பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டியில், சுழல்வது எதுவுமில்லை, தாங்கிப்பிடிக்கவும் எதுவுமில்லை. இரண்டு மாதம் கழித்து, புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தபோது, கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரை மாதத்தில்! மிஞ்சும் பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோக வழி செய்யாவிட்டால் இது வருஷா வருஷம் நடக்கும். அதற்குப் பற்றரி வேண்டும், அல்லது பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் நிலையம் வேண்டும். அரநாயக்கவில் 600 மெகாவொட்டில் அப்படி ஒன்று திட்டத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இன்னொரு மின்நிலையத்தைவிட அதுதான் முந்த வேண்டும்.

வீட்டுக்காரருக்கு வருகிறேன். சோலார் போட்டால் மின்வெட்டில் லைட் எரியும் என்று நினைத்து வருபவர்கள் ஏராளம். வழமையான இன்வெர்ட்டர், கரண்ட் போன மறுநொடி தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு உங்கள் கூரையிலிருந்து ஷொக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பற்றரியும் வேண்டும், செலவு நன்றாக ஏறும். முழு வீட்டுக்கும் போடாமல் ஃபிரிட்ஜ், லைட், மின்விசிறி, வைஃபைக்கு மட்டும் தனி லைன் பிரித்தால் சின்னப் பற்றரியே போதும்.

நிழல் பற்றி எத்தனை சொன்னாலும் போதாது. பனல்களை வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒரு பனலில் விழும் தென்னோலை நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடலாம். இன்வெர்ட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நாலு கிலோவொட் காட்டிக்கொண்டிருக்கும், ஒரு முகில் மேலே வரும், நீங்கள் பார்க்கும்போதே ஒன்றுக்குக் கீழே விழும், பிறகு ஏறும். முகில் போய்விடும், பக்கத்துக் காணியில் எழும்பும் பத்து மாடி போகாது. வெள்ளவத்தையில் பனல் போடுவதற்கு முன் அயலில் எந்தக் காணி விலைப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். வெயில் கூடினால் நல்லது என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒளிதான் வேண்டும், சூடு வேண்டாம். மத்தியானத்தில் பனல் 60 பாகைக்கு ஏறும். 25க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதனால் கூரைத் தகட்டோடு ஒட்டிப் பூட்டாமல் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். பத்துப் பாகையாவது சரிவு இருந்தால் தூசியை மழை கழுவிவிடும். காக்கை எச்சத்தை மழை கழுவாது, விடிய வெயில் ஏறமுன் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கடலோரத்தில் தாங்கும் சட்டம் அலுமினியமாகவும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கட்டும். சாதாரண ஆணி போட்ட கூரைகளில் கொஞ்சக் காலத்திலேயே கறை ஓடுவதைப் பார்க்கிறேன். ஏப்ரல், ஒக்டோபர் இடிக்கு எர்த்தும் சேர்ஜ் பாதுகாப்பும் சரியாக இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

காசுக் கணக்கில் ஒன்று. 2016இல் வந்த திட்டத்தில், கூரையிலிருந்து மின்சார சபைக்கு விற்கும் மின்சாரத்துக்கு முதல் ஏழு வருஷம் யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15.50 என்று கொடுத்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு புதிய இணைப்புக்கு 37 வரை ஏறியது, அப்புறம் இறங்கியது. விற்று உழைக்கலாம் என்று கடன் எடுத்துப் பெரிதாகப் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பாவனைக்கு அளவாகப் போடுங்கள், தண்ணீர் மோட்டரையும் வொஷிங் மெஷினையும் பகலுக்கு மாற்றுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை, அது எல்லாருக்கும் பொது. ஆனால் லிஃப்ட், பம்ப், நடைபாதை லைட்டுக்குப் பொது மீற்றர் ஒன்று இருக்கும். அந்த மீற்றருக்கு மொட்டை மாடியில் சோலார் போட நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பம்ப் பகலில்தான் ஓடுகிறது, பராமரிப்புக் கட்டணமும் குறையும். கேட்டவர் தன் வீடு தனி வீடா மாடி வீடா என்று சொல்லவில்லை. கடந்த ஒரு வருஷத்து பில்களில் உள்ள யூனிட் கணக்கையும் கூரை எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள், எத்தனை கிலோவொட் போதும் என்று பார்த்துச் சொல்கிறேன்.