வேலையைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா? நெருக்கடிக்கால வேலையின்மை: கேள்வி பதில்

கேள்வி: 2009ல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஸ்பெயினில் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வேலையின்மை ஸ்பெயினில்தான் எகிறியது. ஏன் சார்?

பதில்: ஜெர்மனி வேலைநேரத்தைக் குறைத்தது, ஸ்பெயின் ஆளைக் குறைத்தது. ஜெர்மனியில் 'குர்ட்ஸார்பைட்' என்ற குறைநேர வேலைத் திட்டத்தில் 2009 மே மாத வாக்கில் சுமார் 15 லட்சம் பேர் இருந்தார்கள். வேலையின்மை அரைப் புள்ளிகூட ஏறவில்லை. ஸ்பெயினிலோ 2007ல் 8 சதவீதம், 2009ல் 18, 2013ல் 26. கட்டுமானத் துறை சரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அங்கே சம்பளக்காரர்களில் மூன்றில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார். அப்போது நிரந்தரப் பணியாளரை நியாயமின்றி நீக்கினால் பணியாற்றிய ஆண்டுக்கு 45 நாள் சம்பளம் தர வேண்டியிருந்தது. தற்காலிக ஒப்பந்தம் முடிந்தால் 8 நாளாகத்தான் இருந்தது. முதலாளி யாரை முதலில் அனுப்புவார் என்பதைச் சட்டமே சொல்லிக் கொடுத்துவிட்டது.

கேள்வி: குறைநேர வேலையில் கைக்கு எவ்வளவு வரும்?

பதில்: ஜெர்மனியில் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உதவித்தொகையாக வரும், பிள்ளை இருந்தால் 67. வரி விவரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2,000 யூரோ வாங்குபவருக்கு வேலை பாதியானால் கம்பெனி தருவது 1,000, அதோடு உதவித்தொகை 600. மொத்தம் 1,600, பிள்ளை இருந்தால் 1,670.

கேள்வி: கம்பெனி என்ன செய்ய வேண்டும்? எங்கே சிக்கும்?

பதில்: முதலில் பணியாளர் குழுவோடு எழுத்தில் உடன்பாடு, குழு இல்லையென்றால் ஒவ்வொருவரின் சம்மதம். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிப்பு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அறிவிப்பு போய்ச் சேர்ந்த மாதத்திலிருந்துதான் பணம். மார்ச்சில் வேலையைக் குறைத்துவிட்டு ஏப்ரலில் தெரிவித்தால் மார்ச் போயிற்று. வழக்கமான விதிப்படி பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது 10 சதவீதத்துக்கு மேல் சம்பளம் இழந்திருக்க வேண்டும். 2020ல் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பத்தில் ஒன்றாகத் தளர்த்தினார்கள். சேர்த்து வைத்த கூடுதல் மணிநேரங்களைப் பொதுவாக முதலில் கழிக்க வேண்டும். பணத்தைக் கம்பெனி முன்கூட்டித் தந்துவிட்டு அப்புறம்தான் கேட்டு வாங்குகிறது. அந்த மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும். கையில் ரொக்கம் இல்லாத சிறு நிறுவனத்துக்குத் திட்டம் இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

கேள்வி: ஆட்களை நீக்கவே முடியாதபடி சட்டத்தைக் கடுமையாக்கினால் போதாதா?

பதில்: போதாது. நேரத்தைக் குறைக்க வழி தராமல் நீக்கத்தை மட்டும் தடுத்தால், முதலாளிகள் அடுத்த முறை தற்காலிகமாகத்தான் ஆள் எடுப்பார்கள்.

கேள்வி: ஸ்பெயின் பாடம் கற்றதா?

பதில்: கற்றது. 2020ல் பொருளாதாரம் சுமார் 11 சதவீதம் விழுந்தது, 2009ஐவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனாலும் வேலையின்மை 14லிருந்து 15.5 சதவீதத்துக்குத்தான் போனது. ஆளை நீக்காமல் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'எர்டே' என்ற திட்டம் முன்பு அதிகம் பயன்படாமல் கிடந்தது, அதைப் பெரிய அளவில் திறந்துவிட்டார்கள். ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்காகக் கம்பெனி கட்டும் சமூகக் காப்புச் சந்தாவைத் தள்ளுபடி செய்து, பதிலுக்கு ஆறு மாதம் ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்த நிபந்தனை இல்லாத மானியம் வீண் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அமெரிக்கா போல நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன?

பதில்: 2020ல் வேலையிழந்தவர்களுக்கு வழக்கமான உதவித்தொகைக்கு மேல் வாரம் 600 டாலர் கூடுதலாகத் தந்தார்கள், குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் 2020 பிப்ரவரியில் 3.5 சதவீதமாக இருந்த வேலையின்மை ஏப்ரலில் 14.7 ஆனது. வேலை போனதும் பலருக்கு மருத்துவக் காப்பீடும் போயிற்று.

கேள்வி: தேறாத கம்பெனிகளையும் இந்தக் குறைநேர வேலைத் திட்டம் தூக்கிப் பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். அதனால் கால வரம்பு வேண்டும், செலவில் ஒரு பங்கைக் கம்பெனியும் சுமக்க வேண்டும். 2009ல் ஜெர்மனியில் இழந்த நேரத்துக்கான சமூகக் காப்புச் சந்தாவில் பாதியைத்தான் அரசுத் தரப்பு திருப்பிக் கொடுத்தது. முழுவதும் கிடைத்தது ஏழாம் மாதத்திலிருந்து, அல்லது ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினால். ஆர்டர் திரும்பி வரும் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் இந்தச் செலவைச் செய்வார்.

கேள்வி: யார் விடுபடுகிறார்கள்?

பதில்: வேலையின்மைக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டாதவர்கள். ஜெர்மனியில் 'மினிஜாப்' எனப்படும் குறைந்த சம்பளப் பகுதிநேர வேலைக்காரர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. 2020ல் ஹோட்டல்கள் மூடியபோது முதலில் வீட்டுக்குப் போனவர்களில் அவர்கள்தான் அதிகம். அவர்களையும் சந்தா வளையத்துக்குள் கொண்டுவருவதை நெருக்கடிக்கு முன்பே செய்ய வேண்டும். நடுவில் செய்ய நேரம் இருக்காது.