கதவுப் பூட்டை இடம் மாற்றினால் நிலையில் இருக்கும் பழைய குழியை என்ன செய்வது?

தேக்கு நிலை, பூட்டு நாலு அங்குலம் மேலே போகிறது, பழைய குழியை எம்-சீல் வைத்து அடைத்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. பூட்டின் நாக்கு நுழையும் தகடு ஆறு அங்குலம் நீளம் என்றால், நாலு அங்குலம் ஏற்றினாலும் அதன் கீழ்த் திருகு பழைய குழியில்தான் விழும். தவிர, மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். எம்-சீல் அப்படி அசையாது. நாளடைவில் ஓரத்தில் கோடு விடும்.

மரத்துக்கு மரம்தான் ஒட்டு. முதலில் குழியின் பிய்ந்த ஓரங்களைக் கூர் உளியால் செதுக்கி நேரான செவ்வகமாக்குங்கள். பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. நன்றாகக் காய்ந்த பழைய தேக்குத் துண்டு ஒன்றை, ரேகை நிலைக்காலோடு மேலும் கீழுமாக ஓடும்படி அறுத்து, கையால் தட்டினால் இறுக்கமாக இறங்கும் அளவுக்கு இழையுங்கள். சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியிருந்தால் நிலை பிளக்கும். குழியின் அடிவரை துண்டு போக வேண்டும். மேலே மட்டும் மூடி உள்ளே வெற்றிடம் விட்டால் திருகு எதைப் பிடிக்கும்? முகப்பில் 2 மி.மீ. துருத்தி நிற்கட்டும். வாசல் கதவென்றால் நீர் தாங்கும் மரப்பசை போட்டு, கிளாம்ப் வைத்து, 24 மணி நேரம் தொடாமல் விட்டுப் பிறகு இழைத்துச் சமமாக்குங்கள். பெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைப்பதெல்லாம் மயிரிழைச் சந்துக்கு மட்டும்.

காடியின் (நிலையில் கதவு பதியும் பள்ளம்) ஓரம் விண்டிருந்தால் ஆணி அடிக்காதீர்கள், இன்னும் விலகும். உளியால் லேசாக நெம்பி, பசை இறக்கி, கிளாம்ப் போடுங்கள். உளியின் கீழ் மரம் மாவாக உதிர்ந்தால் அது பூச்சி அரித்தது அல்லது மட்கியது. மருந்தடித்து, கெட்ட பகுதியை முழுக்க வெட்டி எடுத்த பிறகே ஒட்டு.

புது இடத்தைக் குறிக்க, பூட்டைக் கதவில் பொருத்தி நாக்கின் நுனியில் சாக்பீஸ் தடவி, கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள். தடம் விழும். தகட்டின் தடிமன் அளவுக்கு மட்டும் பள்ளம் எடுங்கள். 8-ஆம் எண் திருகுக்கு 3 மி.மீ. முன்துளை வேண்டும், திருகின் நீளம் 50 மி.மீ. பித்தளைத் திருகு தேக்கில் முறியும்; அதே அளவு இரும்புத் திருகை முதலில் முடுக்கிக் கழற்றிவிட்டு, பித்தளைக்குச் சோப்பு தடவுங்கள்.

எல்லாம் முடிந்தும் கதவை இழுத்துப் பிடித்தால்தான் பூட்டுகிறது என்றால், தகட்டைக் கழற்றி 1 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடாதீர்கள், திருகு பழைய துளைக்கே சறுக்கும். தகட்டின் வாயை அரத்தால் அராவினால் போதும்.