தினமும் 40 கி.மீ. போய்வர எந்த வண்டி கட்டுப்படியாகும்?

பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, போக வர 40 கி.மீ. என்கிறீர்கள். ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டு ஓனரிடம் பேசுங்கள். பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் தருவார் என்றால் மின்சார ஸ்கூட்டர்தான். மாதம் 1,000 கி.மீ.க்குச் சுமார் 35 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 245 ரூபாய். விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்சை (ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை) மட்டும் அப்படியே நம்பாதீர்கள், கால் பங்கு கழித்துக்கொள்ளுங்கள்.

பிளக் இல்லையா? சரி, 110 சிசி பைக். லிட்டருக்கு 55 கி.மீ. கொடுத்தால் மாதம் 18 லிட்டர் பெட்ரோல். கார் வேண்டாம், வழியில் வரும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விடும்.

அப்புறம், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ எலக்ட்ரானிக் சிட்டி வழியாகத்தான் போகிறது. அல்சூரிலிருந்து மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாற வேண்டும். மழைக்காலத்துக்கு அது தேவலை.